பதில் எழுதாமல் இருக்கும் உரிமை

தமிழில் காதல் நாவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளத் தோழிகளே, தோழர்களே,

காதல் நாவல்களை விரும்பிப் படிப்பவள் நான். வாடகை நூலகத்தில் ரமணிசந்திரன் நாவலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அடுத்த அத்தியாயம் வந்துவிட்டதா என்று கைபேசியைத் திறந்து திறந்து பார்க்கும் பெண்களையும் தெரியும். புத்தகக் கடைப் பக்கம் போகவே வாய்க்காத எத்தனையோ பேரை வாசகிகளாக வைத்திருப்பது உங்கள் எழுத்துதான். வேலைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் நடுவே நேரம் பிடுங்கித்தான் உங்களில் பலர் எழுதுகிறீர்கள். அந்த உழைப்பின் மீதுள்ள மரியாதையோடு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கடிதம் எழுதி, பதில் வாங்கி, அப்படியே ஒருவரையொருவர் நேசிக்கத் தொடங்கும் இருவரைப் பற்றி ஒரு நாவல் எழுதுங்கள். இன்றைய காலத்துக் கதையாகவே எழுதுங்கள்.

தபால்காரரின் சைக்கிள் மணி மீதான ஏக்கத்தில் இதைக் கேட்கவில்லை. நம் காதல் நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதையை நீங்கள் அறிவீர்கள். பணக்கார, கோபக்கார நாயகன். பழிவாங்கவோ பிடிவாதத்திலோ நாயகியின் கழுத்தில் தாலி கட்டுகிறான். அதட்டுகிறான், கையை முறுக்குகிறான், சில கதைகளில் அறைந்தும் விடுகிறான். முப்பதாவது அத்தியாயத்தில் அவளுக்கு அவன்மேல் காதல் வருகிறது. அவன் முரட்டுத்தனமெல்லாம் அளவு கடந்த அன்பு என்று அவளுக்கு அப்போது புரிகிறது.

இந்தக் கதையைப் படிக்கும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது ஏன் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். தானாக ஒருவனைத் தேர்ந்தெடுப்பதே குற்றமாகிவிடும் வீட்டில் வளரும் பெண்ணுக்கு, கட்டாயத் தாலி ஒரு வசதி செய்து கொடுக்கிறது. அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; எல்லாம் அவளுக்கு நடந்தது. ஆகவே காதலும் கிடைத்துவிடுகிறது, கெட்ட பெயரும் இல்லை. ஊர் ஒப்புக்கொண்ட உறவுக்குள் ஆசைப்பட அந்தக் கதை அவளுக்கு அனுமதி தருகிறது. ஆனால் அந்த அனுமதிக்கு அவள் கொடுக்கும் விலை பெரிது. ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னது எதுவும் கடைசியில் கணக்கில் வருவதில்லை.

கடிதத்தில் வளரும் காதல் அந்த விலையைக் கேட்பதில்லை. கடிதம் யார் கையையும் பிடித்து இழுக்காது, வழி மறித்து நிற்காது. உறைக்குள் இருந்தபடி காத்திருக்கும். பிரிப்பதா, படிப்பதா, பதில் எழுதுவதா என்று பெற்றவர்தான் முடிவு செய்ய வேண்டும். இருவரும் மாறி மாறி மனமுவந்து எழுதினால்தான் கதை ஓர் அடியாவது நகரும். ஒவ்வொரு பதிலும் ஒரு சம்மதம். தேர்ந்தெடுக்கும் பெண்ணைக் காட்ட நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல வடிவம் கிடைப்பது அரிது.

அண்மைக் காலத்தில் இதை அழகாகச் செய்த ஒரு நாவலைச் சொல்கிறேன். பெத் ஓ’லியரி என்ற ஆங்கில எழுத்தாளரின் முதல் நாவல் ‘தி ஃபிளாட்ஷேர்’. 2019-இல் வெளியானது. மருத்துவரான காதலர் இரவு ஷிப்ட் பார்க்க, தான் பகலில் வேலைக்குப் போக, ஒரே வீட்டில் இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாமல் கழிந்த நாட்களிலிருந்து ஓ’லியரிக்கு இந்தக் கதை தோன்றியது. வேலைக்குப் போய்வரும் ரயிலில் எழுதினார்.

கதை லண்டனில் நடக்கிறது. டிஃபி ஒரு பதிப்பகத்தில் உதவி ஆசிரியர், சம்பளம் குறைவு. பிரிந்துபோன காதலன் ஜஸ்டினின் வீட்டிலிருந்து உடனே வெளியேற வேண்டிய நிலை. லியோன் ஒரு செவிலியர். பிழைக்க வழியில்லாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்தில் இரவுப் பணி. செய்யாத குற்றத்துக்காகச் சிறையிலிருக்கும் தம்பியின் வழக்குச் செலவுக்கு அவனுக்குப் பணம் தேவை. ஆகவே தன் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டைப் பகிர்ந்துகொள்ள விளம்பரம் கொடுக்கிறான். பகலில் அவன், இரவில் அவள். ஒரே கட்டில், ஆனால் ஒருவர் இருக்கும்போது மற்றவர் இருப்பதில்லை. சந்திக்காமலே குடித்தனம் தொடங்குகிறது.

முதலில் ஒட்டுச் சீட்டுகளில் வீட்டு விவகாரம்தான் எழுதிக்கொள்கிறார்கள். குப்பையை எப்போது வெளியே வைப்பது, மீந்த சாப்பாட்டை யார் சாப்பிடலாம் என்பது போல. மெல்ல மெல்லச் சீட்டு நீள்கிறது. தம்பியின் வழக்கு, நோயாளி முதியவர் ஒருவரின் பழைய காதல், அலுவலகத்து வேதனை எல்லாம் குளிர்பதனப் பெட்டி மேலும் அலமாரி மேலும் ஏறுகின்றன. அவள் சுட்டு வைத்த பலகாரத்தை அவன் சாப்பிட்டுவிட்டு நன்றி எழுதுகிறான். அவள் நான்கு வரி எழுதினால் அவன் ஒன்றரை வரி எழுதுவான். அந்த ஒன்றரை வரியில் அவள் எழுதிய ஒவ்வொன்றையும் அவன் கவனித்திருப்பது தெரியும். சீட்டை யார் எழுதினார்கள் என்று பெயர் பார்க்காமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் காதலுக்கு நேர் எதிரே ஓ’லியரி நிறுத்துவது ஜஸ்டினை. அவன் டிஃபியைச் சிறுகச் சிறுகத் தன் பிடிக்குள் கொண்டுவந்தவன்; அவள் நினைவையே அவளைச் சந்தேகிக்க வைத்தவன். அவள் எதிர்பாராத இடங்களில் வந்து நிற்பான். ஒரு கட்டத்தில் பெரிய கூட்டத்தின் நடுவே, எல்லார் கண் முன்னாலும், கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்கிறான். நம் கதைகளில் இதே காட்சி வந்தால் பின்னணி இசையோடு கைதட்டல் கேட்கும். அந்த நாவலில் அது ஒரு பொறி. அத்தனை பேர் பார்க்கையில் ‘மாட்டேன்’ என்று சொல்ல அவளுக்கு வழி விடாத கேள்வி அது. யாரும் பார்க்காத சமையலறையில் ஒட்டியிருக்கும் சீட்டோ, எத்தனை நாள் வேண்டுமானாலும் பதிலுக்குப் பொறுத்திருக்கும். இரண்டு ஆண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓ’லியரி விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இது வெள்ளைக்காரர்கள் இப்போது கண்டுபிடித்த நாகரிகம் என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கேயும் தந்தை சொல்லே சட்டமாக இருந்த வீடுகள் இருந்தன. 1845 ஜனவரி 10-ஆம் தேதி கவிஞர் ராபர்ட் பிரௌனிங், தான் பார்த்தேயிராத எலிசபெத் பாரெட்டுக்கு அவருடைய கவிதைகளைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார். எலிசபெத்துக்கு அப்போது 38 வயது. நோயால் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். பிள்ளைகள் யாரும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த தந்தை. பார்க்க வரட்டுமா என்று ராபர்ட் கேட்க, குளிர்காலம் போகட்டும் என்று எலிசபெத் தள்ளிப்போட்டார். ராபர்ட் காத்திருந்தார். மே 20 அன்று முதன்முறை சந்தித்தார்கள். உடனே ராபர்ட் காதலைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். எலிசபெத் கலங்கிப்போய், இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ராபர்ட் அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு, பழையபடி நண்பராகவே எழுதத் தொடங்கினார்.

ராபர்ட் அந்தக் கடிதத்தை அழித்ததைத்தான் இந்த உறவிலேயே பெரிய காதல் செயல் என்று நான் நினைக்கிறேன். ‘வேண்டாம்’ என்று எலிசபெத் சொன்னார், ராபர்ட் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகுதான் எலிசபெத்தின் மனம் தன்போக்கில், தன் வேகத்தில் அவரை நோக்கி வந்தது. 1846 செப்டம்பர் 12 அன்று ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு, ஒரு வாரம் கழித்து இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். அதற்குள் இருவருக்கும் இடையே 570-க்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்வந்திருந்தன. தந்தை கடைசிவரை மன்னிக்கவில்லை. வீட்டை எதிர்த்து வெளியேறும் பெண்ணின் கதையை எழுத உங்களில் யாருக்காவது விருப்பமிருந்தால், அவள் எவ்வளவு யோசித்துக் கிளம்பினாள் என்பதைக் காட்ட இந்த இருபது மாதக் கடிதங்களைவிட நல்ல பாடம் கிடையாது.

கடிதம் என்றாலே மென்மை என்று மயங்கிவிடவும் கூடாது. கடிதத்தாலும் ஒருவரைப் பிடித்து வைக்க முடியும். 1912 ஆகஸ்ட் 13 அன்று பிராகில் ஒரு நண்பர் வீட்டில் ஃபிரான்ஸ் காஃப்கா, பெர்லினிலிருந்து வந்திருந்த ஃபெலிஸ் பாவரைச் சந்தித்தார். அடுத்த மாதம் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1917 வரை நீண்டது. காஃப்கா எழுதியவை மட்டும் 500-க்கு மேல். தினமும் எழுது, எங்கே இருந்தாய், என்ன செய்தாய் சொல் என்று நெருக்கினார். ஒரு நாள் கடிதம் வராவிட்டால் தவித்தார். ஆனால் நேரில் சந்திப்பதைத் தள்ளிக்கொண்டே போனார். இருமுறை நிச்சயம் செய்து இருமுறையும் முறித்துக்கொண்டார்கள். ஃபெலிஸ் எழுதிய பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐந்தாண்டுகளில் அவர் என்ன பாடுபட்டார் என்பதை அவர் வாயால் நாம் கேட்கவே முடியாது.

நீங்கள் எழுதும் நாவலில் அப்படி ஆகிவிடக் கூடாது. நாயகனின் உருக்கமான கடிதங்கள் பக்கம் பக்கமாக வர, நாயகியின் பதில் ‘கண்ணீரோடு எழுதினாள்’ என்ற ஒரு வரியில் முடிந்துவிடக் கூடாது. அவள் எழுதியதை முழுதாக எங்களுக்குப் படிக்கக் கொடுங்கள். அவள் கோபம், அவள் கேலி, அவள் வாதம், வெட்கமில்லாமல் அவள் கேட்கும் கேள்வி எல்லாம் அவள் எழுத்திலேயே வரட்டும். மறைமலையடிகள் 1921-இல் வெளியிட்ட ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ ஒரு பெண் எழுதும் கடிதங்களாலேயே நகரும் நாவல். நூறு ஆண்டுக்கு முன்பே தமிழில் ஒரு பெண்ணின் கடிதங்கள் நாவலைத் தாங்கியிருக்கின்றன. இந்த வடிவத்துக்கு நாம் யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். பேசிக்கொள்ள முடியாத நிலையிலும் ஒரே இடத்தையோ ஒரே பொருளையோ பகிர்ந்துகொள்ளும் இருவர் போதும். அப்படிப்பட்டவர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண். ஊரில் அவள் தங்கைக்கு டியூஷன் எடுப்பவன் தங்கையின் கடிதத்தோடு நாலு வரி சேர்த்து எழுதுகிறான். அரசு மருத்துவமனையில் ஒரே வார்டைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் பார்க்கும் இரு செவிலியர்கள். பொறுப்பு ஒப்படைக்கும் நோட்டின் கடைசிப் பக்கம். கிளை நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்களையே மாறி மாறி எடுக்கும் இருவர். நடுக்கடலில் சிக்னல் இல்லாத கப்பலில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையன். சிறையில் இருக்கும் அண்ணனுக்காக வக்கீல் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் பெண், அங்கே எதிர்ப்படாமலே அவள் மனுவைத் திருத்தித் திருத்திக் குறிப்பு எழுதும் இளநிலை வக்கீல்.

சினிமாவில் இதை நாம் ஏற்கெனவே கொண்டாடியவர்கள். அகத்தியனின் ‘காதல் கோட்டை’ 1996-இல் வந்தது. கமலி தொலைத்த சான்றிதழ்களைக் கண்டெடுத்து அனுப்பி வைக்கிறான் சூர்யா. நன்றிக் கடிதத்தில் தொடங்கி, முகம் பார்க்காமலே காதலிக்கிறார்கள். கடைசியில் அவள் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர்தான் அவனை அடையாளம் காட்டுகிறது. அந்தப் படத்துக்காக அகத்தியன் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றார். தமிழ் இயக்குநர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. ‘சிர்ஃப் தும்’ என்ற பெயரில் இந்திக்கும் போனது. நாயகன் விரட்டினால்தான் கதை விற்கும், மெதுவாகப் போனால் வாசகர் ஓடிவிடுவார் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்தப் படத்தை நினைவூட்டுங்கள். அதில் நாயகன் நாயகியை விரட்டவே இல்லை. ஆனாலும் தமிழ்நாடே இருக்கை நுனியில் உட்கார்ந்து பார்த்தது.

அந்தப் பதைப்புக்குக் காரணம் கடிதத்துக்கும் பதிலுக்கும் நடுவே கிடக்கும் காலம். ஆஸ்திரிய எழுத்தாளர் டேனியல் கிளாட்டாவர் 2006-இல் வெளியிட்ட ‘குட் கேகன் நோர்ட்விண்ட்’ முழுக்க மின்னஞ்சல்களால் ஆன நாவல். பத்திரிகைச் சந்தாவை நிறுத்தச் சொல்லி எமி அனுப்பும் மின்னஞ்சல், முகவரி தவறி லியோவுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து தொடங்குகிறது கதை. வருணனை கிடையாது, வானிலை கிடையாது. ஒரு மடலுக்கும் அடுத்ததற்கும் இடையே இத்தனை நிமிடம் கழித்து, இத்தனை நாள் கழித்து என்ற குறிப்பு மட்டும் இருக்கும். வாசகரின் இதயம் துடிப்பது அந்தக் குறிப்பில்தான். ஐம்பது வினாடியில் வந்த பதிலும் ஐந்து நாள் கழித்து வந்த பதிலும் ஒரே சொற்களில் இருந்தாலும் ஒன்றாகிவிடாது. எமிக்குக் கணவர் இருக்கிறார். அவருக்கும் இந்த எழுத்துக்களில் ஒரு பங்கு உண்டு என்பதையும் கிளாட்டாவர் மறைக்கவில்லை. கடிதத்தில் எல்லாரும் அழகாக இருந்துவிட முடியும், வீட்டில் இருப்பவரோடுதான் பாத்திரமும் கழுவ வேண்டும் என்ற உண்மையை அந்தக் கணவர் கதைக்குள் கொண்டுவருகிறார்.

ஆகவே எழுதும்போது சில விஷயங்களை மனதில் வையுங்கள் என்று ஒரு வாசகியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இருவருக்கும் தனித்தனி எழுத்து கொடுங்கள். பாளையங்கோட்டையில் படித்தவளும் தர்மபுரியில் வளர்ந்தவனும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். ஒருவர் எழுதியதை அடிக்காமல் அனுப்புவார்; இன்னொருவர் மூன்று முறை கிழித்துப் போட்டு எழுதுவார். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கிய மடல் எந்த நாளில் வெறும் பெயரைச் சொல்லி அழைக்கிறது, ‘நீங்கள்’ எந்த வரியில் ‘நீ’ ஆகிறது, அதை முதலில் செய்தது யார் என்பதைக் கவனமாக வையுங்கள். அந்த ஒரு சொல் மாற்றத்துக்கு வாசகி நூறு பக்கம் காத்திருப்பாள்.

வீட்டை மறக்காதீர்கள். நம் ஊரில் கடிதம் என்பது பிடிபடும் பொருளும்கூட. பாடப் புத்தகத்துக்குள் அண்ணன் கண்டெடுத்த ஒரு தாளால் படிப்பு நின்றுபோன பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். சாதியின் பெயரால் அதற்கும் மேலே நடந்திருக்கிறது. இன்று தாளின் இடத்துக்குக் கைபேசி வந்திருக்கிறது. அதன் பூட்டைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் அதே அண்ணனிடம்தான் இருக்கிறது. கடிதம் எழுதும் பெண் எதைப் பணயம் வைத்து எழுதுகிறாள் என்று தெரிந்தால்தான் அவள் எழுதும் ஒரு வரியின் எடை வாசகருக்குத் தெரியும்.

சந்திப்பைப் பயந்து பயந்து எழுதுங்கள். எழுத்தில் நெருங்கிய இருவர் நேரில் அந்நியர்கள். குரல் எதிர்பார்த்தது போல இருக்காது. உயரம், சிரிப்பு, வியர்வை எல்லாம் புதிது. கடிதத்தில் தைரியமாக இருந்தவள் நேரில் வாயடைத்துப் போகலாம். அந்தச் சங்கடத்தை ஒரு கட்டிப்பிடிப்பில் தீர்த்துவிடாதீர்கள். அவனைப் பார்த்த பிறகும் ‘இன்னும் கொஞ்ச நாள் எழுதிக்கொண்டே இருப்போமா?’ என்று அவள் கேட்கட்டும். அவன் சரி என்று சொல்லட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாவலில் ஓரிடத்திலாவது அவள் பதில் எழுதாமல் இருக்கட்டும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ, காரணம் சொல்லாமல். அந்த நேரத்தில் உங்கள் நாயகன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் யார் என்று எங்களுக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்கிறானா? தோழியிடம் விசாரித்து முகவரி வாங்குகிறானா? கையை அறுத்துக்கொண்டு படம் அனுப்புகிறானா? இதையெல்லாம் காதலின் ஆழம் என்று எழுதப்பட்ட கதைகள் போதும். அவனுக்கு வலிக்கட்டும், அந்த வலியையும் முழுதாக எழுதுங்கள். ஆனால் அவன் தன் வேலையைப் பார்க்கட்டும், அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கட்டும், அவள் மௌனம் அவளுடையது என்று ஏற்றுக்கொள்ளட்டும். அப்படி ஒருவனை ஆசைப்படத் தக்கவனாக, இரவெல்லாம் தூங்கவிடாமல் நினைக்க வைப்பவனாக எழுதிக் காட்ட உங்களால் முடியும். கோபக்காரனையே எங்களுக்குப் பிடிக்க வைத்த திறமை உங்களுடையது.

பதினாறு வயதில் உங்கள் நாவல்களைப் படிக்கும் பெண்கள், காதல் எப்படியிருக்கும் என்பதை அதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பள்ளியிலும் பேசுவதில்லை. தன் பதிலுக்காக ஒருவன் பொறுத்திருப்பான், தான் பதில் எழுதாவிட்டாலும் தனக்கு எந்தத் தீங்கும் வராது என்று ஒரு நாவல் அவளுக்குக் காட்டட்டும். பிறகு யாராவது அவள் வழியை மறித்து, இதுதான் காதல் என்று சொன்னால், அது பொய் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறோம்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் வாசகி